மூணரைக் குச்சி அலமாரி

பொகவந்தலாவையில இருந்து மேல ஏறுற ரோட்டுல, பஸ்ஸே நின்னு மூச்சு வாங்குற ஒரு எடம் இருக்கு. அங்க எறங்கி, நூத்திப் பதினெட்டுப் படி கீழ எறங்கினா மேல்பிரிவு லயம், தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற வரிசை வீடு. அதுல நாலாவது காம்பரா பொன்னையாவோடது. ஆளு அஞ்சடி, மீசை ஆறடி. முப்பத்தோரு வருசமா கவ்வாத்து வெட்டுறாரு. அவரு வெட்டின தேயிலைச் செடிய எல்லாம் வரிசையா நட்டா, அது மேலயே நடந்து நெலாவுக்குப் போயி, அங்க ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு, காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக்கு முன்னாடி திரும்பி வந்துரலாம்.

கவ்வாத்துன்னா கண்ட மேனிக்கு வெட்டுறது இல்ல. ஒரு மலைச் செடி பூராவும் ஒரே ஒசரத்துல நிக்கணும். அதுக்குத்தான் அளவு குச்சி. செடிக்குப் பக்கத்துல குச்சிய ஊன்றது, அது நிக்கிற ஒசரத்துக்குக் கத்திய ஒரே இழுப்பு இழுக்கிறது. பொன்னையாவோட குச்சி ரெண்டடி. மனுசனுக்கு ஒலகமே அந்தக் குச்சிதான். ஆட்டுக் கொட்டில் மூணு குச்சி. பொஞ்சாதி பூரணி ரெண்டரைக் குச்சி. மகன் தர்ஷன் பொறந்தப்போ ஆஸ்பத்திரியில நர்ஸம்மா எடையச் சொன்னாங்க. இவரு கேட்டது, "அதெல்லாம் இருக்கட்டும் மிஸ்ஸி, முக்காக் குச்சி இருப்பானா?"

அந்த முக்காக் குச்சிப் பய இப்ப வளந்து, கொழும்புல வேல செஞ்சு, போன மாசம் கல்யாணமும் கட்டிக்கிட்டான். பொண்ணு தனுஷிகா, ராகலை. நல்ல புள்ள. வாய் மட்டும் கொஞ்சம் நீளம், ஒரு நாலு குச்சி வரும்.

வந்த வெனை என்னன்னா, பொன்னையா வீட்டுல முன்னால திண்ணை மாதிரி ஒரு இஸ்தோப்பு, பின்னால படுக்க ஒரே ஒரு காம்பரா. அந்த ஒரு காம்பராவுக்குள்ள புது மாப்புள, புதுப் பொண்ணு, மாமியா, மாமனாரு, நெல்லு மூட்டை கணக்கா மாமனாரோட கொறட்டை. பூரணி பழைய சேலை ஒண்ண நடுவுல தெரையாக் கட்டினா. பொன்னையா கொறட்டை விடுறப்போ தெரை அந்தப் பக்கம் போகும், மூச்ச இழுக்குறப்போ இந்தப் பக்கம் வரும். ரெண்டு நாளு தாக்குப் பிடிச்சா தனுஷிகா. மூணாம் நாளு மறுவீடு போனவ, ராகலையிலேயே ஒக்காந்துட்டா.

அவுங்க அம்மா ஃபோன் எடுத்தாங்க. "சம்பந்தி, கோவிச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழம நானே புள்ளையக் கூட்டிக்கிட்டு வாறேன். ஒரு மறைப்பு இருந்துச்சுன்னா விட்டுட்டு வருவேன். இல்லாட்டி வந்த வேன்லயே கூட்டிக்கிட்டுத் திரும்பிருவேன்."

தர்ஷன் கொழும்புல இருந்து அழுவாத கொறையாப் பேசினான். "அப்பா, ஏதாச்சும் செய்யுங்கப்பா."

பொன்னையா மீசையத் தடவினாரு. "மறைப்பு என்னடா மறைப்பு. மருமவளுக்கு அலமாரியே செஞ்சு நடுவுல நிப்பாட்டுறேன். அவ பக்கம் அலமாரி, நம்ம பக்கம் செவரு. மேல குறுக்கு மரத்துல போயி முட்டி நிக்கும். ஒரு ஈ எட்டிப் பாக்க முடியாது."

"மர வேல செய்யுற பாஸ் யாரையாச்சும் கூப்புடுங்கப்பா."

மர பாஸு வாறதுக்கு அடுத்த மாசம் ஆகும்னு ஏற்கெனவே சொல்லிட்டாரு. அதெல்லாம் பொன்னையா சொல்லல. "பாஸு எதுக்கு? நான் வெட்டாத வெட்டா?" அப்புடீன்னாரு. அவ்வளவுதான், சனியன் செருப்பக் கழட்டிட்டு வீட்டுக்குள்ள வந்து ஒக்காந்துருச்சு.

செவ்வாக்கெழம போயா, பௌர்ணமி லீவு. வேல இல்ல. காலையிலேயே குச்சிய எடுத்து அளந்தாரு. தரையில இருந்து குறுக்கு மரம் வரைக்கும் மூணரைக் குச்சி. அகலம் நாலு குச்சி வச்சா, ஓரத்துல ஒன்னரைக் குச்சி வழி மிஞ்சும்.

"ஒரு டேப்பு வாங்கி அளங்களேன்," அப்புடீன்னா பூரணி.

"டேப்பு ரப்பர் மாதிரி இழுபடும். குச்சி இழுபடுமா?"

அட்டனுக்கு பஸ் ஏறிப் போனாரு. பஸ் ஸ்டாண்டுக்கு மேல மக்பூல் நானாவோட பலகைக் கடை. நானா பேச்சுல 'சொல்லு' 'செல்லு' ஆகும், 'இருக்கு' 'ஈக்கு' ஆகும். உள்ள பூரா மெலமைன் பலகை. வெள்ளை, கறுப்பு, மரக்கலருன்னு அடுக்கி வச்சிருக்கு. பொன்னையா வெள்ளையில கைய வச்சுத் தடவினாரு. கை வழுக்கிக்கிட்டு திம்புலை வரைக்கும் போயிருச்சு. அப்புடி ஒரு வழுவழுப்பு.

"இதுதான் நானா. அலமாரிக்கு."

"அளவு செல்லுங்க அண்ணே. நம்ம மிஷின்லயே வெட்டித் தாறேன்."

"ஒசரம் மூணரை."

மக்பூல் நானா பேனாவ எடுத்தவரு நிமிந்து பாத்தாரு. "மூணரை அடியில அலமாரியா? கோழிக்கா அண்ணே?"

"மூணரைக் குச்சி நானா! ஒரு குச்சி ரெண்டடி. அப்ப ஏழடி. அகலம் நாலு குச்சி, எட்டடி."

"குச்சி... சரியா ஈக்குமா? டேப்புல ஒருக்கா பாத்துட்டு வாங்களேன். வெட்டின பொறகு பலகை வளரவும் மாட்டாது, சுருங்கவும் மாட்டாது."

"நானா, முப்பத்தோரு வருசமா அளந்து வெட்டுறவன் நான். தொரமாரே வந்து என் செடிய அளந்து பாத்துட்டு வாயப் பொத்திக்கிட்டுப் போயிருக்காங்க."

மக்பூல் நானா துண்டுச் சீட்டுல ஏழடின்னு எழுதி, பொன்னையாக்கிட்ட கையெழுத்தும் வாங்கிக்கிட்டாரு. பல பொன்னையாமாரப் பாத்த மனுசன்.

மிஷினு போட்ட சத்தத்துல கடைக்கு வெளிய நின்ன நாயி நுவரெலியாவுக்கே ஓடியிருக்கும். ஆனா வெட்டு இருக்கே, வெண்ணெயில நூலு விட்டாப்புல. அஞ்சு முழுப் பலகை. அதுல நிக்கிற பலகை நாலு, முதுகுக்கு அகலப் பலகை ரெண்டு, அப்புறம் தட்டு, கீழ சின்னக் கதவு. நிக்கிற பலகைக்கெல்லாம் முன் ஓரத்துலயும் மேல் நுனியிலயும் வெட்டு வாய மூடுற வெள்ளைப் பட்டி ஒட்டிக் குடுத்தாரு.

"அடி நுனியில பட்டி இல்ல அண்ணே. தண்ணி மட்டும் பட விட்டுராதீங்க. மேலதான் இந்த வெள்ளைத் தோலு, உள்ள வெறும் மரத்தூளு. தண்ணி குடிச்சா உப்பிரும்."

தண்ணி படாம கொண்டு போகணுமாம். அட்டன்ல இருந்து. பொகவந்தலாவைக்கு. இத அந்த மலைக்கிட்ட யாரு சொல்றது?

மரக்கறி எறக்கிட்டுத் திரும்புன லொறி ஒண்ணு கெடச்சுச்சு. நோர்வூட் தாண்டுற வரைக்கும் வெயிலு பல்ல இளிச்சுக்கிட்டு நின்னுச்சு. லொறி மேல் ரோட்டுல பலகைய எறக்கிட்டுத் திரும்பினதுதான் தாமதம், மூடுபனி வந்து பொன்னையா மூக்குலயே ஒக்காந்துச்சு. பின்னாலயே தூத்தல். கொழுந்தெடுக்குறப்போ பூரணி இடுப்புல கட்டுற படங்கு ரெண்டு, பக்கத்து வீட்டுப் படங்கு ஒண்ணு, எல்லாத்தையும் பலகைக்குச் சுத்தினாரு. பக்கத்துக் காம்பரா செல்லசாமி, தேயிலை ஸ்டோர்ல கொழுந்து அரைக்கிறவன், மறு நுனியப் புடிக்க வந்தான்.

"என்னா மச்சான், பலகைக்கு மழைக்கோட்டு, ஒனக்கு ஒண்ணும் இல்லியா?"

"நான் உப்ப மாட்டேன். நீ பலகையப் புடி."

"மெதுவா எறங்கு மச்சான். நீ வழுக்கினா, நாம ரெண்டு பேரும் இது மேல ஒக்காந்துக்கிட்டு ஒரேயடியா பொகவந்தலாவை கடைத் தெருவுக்கே போயி நிப்போம்."

நூத்திப் பதினெட்டுப் படி. ஒவ்வொரு பலகையும் ஒரு மாட்டுக் கனம். ஏறி எறங்கி, ஏறி எறங்கி, கடைசிப் பலகை வாறப்போ பொன்னையா முழங்காலு ரெண்டும் ராஜினாமா எழுதிக் குடுத்துருச்சு. வீட்டுக்குள்ள கொண்டு வந்து படங்க அவுத்தா, ஒரு நிக்கிற பலகையோட அடி நுனி ஈரத்துல பால்ரொட்டி மாதிரி உப்பிக்கிட்டு நிக்குது.

"ஒண்ணுதானே, பரவாயில்ல," அப்புடீன்னாரு பொன்னையா. பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு.

மறுநாளு புதன். மலையில இருந்து ரெண்டு மணிக்கு வந்து, சோத்த அள்ளிப் போட்டுக்கிட்டு, மொதப் பலகையத் தூக்கி நிப்பாட்டினாரு. 'டொக்'குன்னு குறுக்கு மரத்துல இடிச்சுச்சு. பலகை நிக்கல. சாஞ்சுக்கிட்டு நிக்குது, சம்பள நாளு சாயந்தரம் செல்லசாமி நிக்கிற மாதிரி.

இன்னொண்ணத் தூக்கினாரு. டொக். மூணாவது. டொக். அடுத்த காம்பராவுல இருந்து செல்லசாமி தலைய நீட்டினான்.

"யாரு மச்சான் கதவத் தட்றது?"

"பலகை நிக்க மாட்டேங்குதுடா!"

"லயம் குட்டையாயிருச்சோ? மழையில நனைஞ்சு சுருங்கியிருக்கும்."

பொன்னையாவுக்குத் தலையில இருந்து பொகை வந்துச்சு. குச்சிய எடுத்தாரு. தரையில இருந்து மரம் வரைக்கும் அளந்தாரு. மூணரை. அச்சு அசலா மூணரை. பலகைய அளந்தாரு. மூணேமுக்காலையும் தாண்டிப் போகுது.

"பாத்தியா! நானா ஏமாத்திட்டாரு! மூணரை சொன்னதுக்கு மூணேமுக்கா வெட்டிக் குடுத்திருக்காரு!"

"ஏமாத்துறவரு கூடவா குடுப்பாரு? கொறைச்சுல்ல குடுப்பாரு," அப்புடீன்னா பூரணி, அடுப்புக்கிட்ட இருந்து.

அது ஞாயமான கேள்விதான். ஆனா கோவத்துல இருக்கிறவனுக்கு ஞாயம் எங்க கேக்குது? வியாழக்கெழம வேலை முடிஞ்ச கையோட, குச்சிய வாளு மாதிரி தோள்ல சாத்திக்கிட்டு அட்டன் பஸ்ஸுல ஏறினாரு. கொண்டக்டர் பய, "ஐயா, குச்சிக்கும் டிக்கட்டா?"ன்னு கேட்டான். பொன்னையா பாத்த பார்வையில மிச்சக் காச நீட்டிட்டு முன்பக்கம் ஓடிட்டான்.

கடைக்குள்ள பூந்தாரு. நாலஞ்சு பேரு சாமான் வாங்கிக்கிட்டு நிக்கிறாங்க.

"நானா! நான் ஒங்களுக்கு என்னா துரோகம் செஞ்சேன்?"

"என்ன அண்ணே, என்ன நடந்த?"

"மூணரைக் குச்சி சொன்னேன். மூணேமுக்கா வெட்டியிருக்கீங்க. ஞாயித்துக்கெழம மருமவ வாறா. பலகை நிக்காட்டி, வந்த வேன்லயே திரும்பிருவா. எம் மகன் வாழ்க்கை ஒங்க மிஷின்ல மாட்டிக்கிட்டு நிக்குது!"

மக்பூல் நானா கோவப்படல. பைலத் தொறந்து அந்தத் துண்டுச் சீட்ட எடுத்தாரு. ஏழடி. கீழ பொன்னையாவோட கையெழுத்து, மீசை வச்ச மாதிரி.

"அண்ணே, அந்தக் குச்சியக் கொஞ்சம் தாங்களேன்."

மேசை மேல குச்சிய வச்சு, டேப்ப இழுத்தாரு. 'கிர்ர்ர்'. எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க. மக்பூல் நானா வெரல டேப்பு மேல வச்சாரு.

இருவத்திரெண்டு இஞ்சி.

அப்பத்தான் பொன்னையா மண்டைக்குள்ள படம் ஓடுச்சு.

சரியா ஒரு மாசத்துக்கு முன்னாடி. பெரட்டுக் களத்துல சின்னதொர வந்து நின்னு, "ஏழாம் நம்பர் மலையில செடி ரொம்ப மேல போயிருச்சு. இந்தக் கவ்வாத்துக்கு ரெண்டு இஞ்சி எறக்கி வெட்டணும். எல்லாரும் குச்சியக் கொறைங்க," அப்புடீன்னாரு. மத்தவன் எல்லாம் அங்க இங்க ஓடி வாளு தேடினான். பொன்னையா மட்டும் குச்சியக் கல்லு மேல வச்சு, கவ்வாத்துக் கத்தியால ஒரே போடு. ரெண்டு இஞ்சித் துண்டு பறந்து போயி வேலைய மேப்பாக்குற கண்டாக்கையா தொப்பியில விழுந்துச்சு. களமே கை தட்டுச்சு. அன்னைக்குப் பூரா அந்தக் கைதட்டையே நெனச்சுக்கிட்டு இருந்ததுல, எதுக்கு வெட்டினோம்னு மனுசன் மறந்தே போயிட்டாரு. கை மறக்கல, அது மலையில சரியாத்தான் வெட்டுது. வாய்தான் இன்னமும் ரெண்டடின்னு சொல்லிக்கிட்டுத் திரியுது.

"மூணரைக் குச்சிக்கு ஏழு இஞ்சி கூட," அப்புடீன்னாரு மக்பூல் நானா மெதுவா. கடையில நின்ன ஒருத்தன் சிரிப்ப அடக்க முடியாம ஆணிப் பெட்டிக்குள்ள மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டான்.

"பலகையக் கொண்டு வாங்க அண்ணே. மிஷின்ல கொறைச்சுத் தாறேன், ஒரு சதமும் வேணாம்."

கொண்டு வாறதா? பொன்னையாவுக்கு நூத்திப் பதினெட்டுப் படியும் கண்ணு முன்னாடி வரிசையா எழும்பி நின்னு கை காட்டுச்சு. முழங்கால் ரெண்டும் குடுத்த ராஜினாமாவ இன்னும் வாபஸ் வாங்கல. மரக்கறி லொறியும் அடுத்த வாரந்தான்.

"கையால வெட்டுனா?"

மக்பூல் நானா பெருமூச்சு விட்டாரு. ஒரு கைவாளையும் ஒட்டுற பழுப்பு டேப்பு சுருள் ஒண்ணையும் எடுத்து வச்சாரு. "நல்லாக் கேளுங்க. வெட்டுற கோட்டு மேல டேப்ப ஒட்டுங்க. கூரான கத்தியால கோட்டக் கீறுங்க, ரெண்டு பக்கமும். அந்த வெள்ளைத் தோலு அறுபட்ட பொறகுதான் வாளு. சும்மா வாளப் போட்டீங்கன்னா, தோலு சில்லுச் சில்லா பேந்துரும்."

"ம்," அப்புடீன்னாரு பொன்னையா. காது கேட்டுச்சு. மனசு இன்னும் அந்த இருவத்திரெண்டுலேயே நின்னுச்சு.

வீட்டுக்கு வந்து, இருவத்திரெண்டு இஞ்சிக் கதைய யாருக்கிட்டயும் சொல்லல. சொல்ல வேண்டியதும் இல்ல. அந்த ஆணிப் பெட்டிக்காரன் பக்கத்துத் தோட்டத்து ஆளு. பொன்னையா வந்த பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸுலயே கதை வந்து சேந்து, கைகால் கழுவி, தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"வா இருவத்திரெண்டு," அப்புடீன்னான் செல்லசாமி.

வெள்ளிக்கெழம. மலையில இருந்து வந்து ரெண்டு பெஞ்ச வாசல்ல போட்டு, மேல பலகையப் படுக்க வச்சாரு. மொதல்ல எடுத்தது உப்பின பலகை. டேப்பு ஒட்டணும்னு பூரணி சொன்னா, கோடு கீறணும்னும் சொன்னா. இருந்த கடுப்புல பொன்னையா ஒண்ணையும் காதுல போட்டுக்கல. நேரா வாள எடுத்து மேல் நுனியில வச்சு இழுத்தாரு.

'சர்ரக் சர்ரக்'. ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் தோலு பேந்து பறக்குது. வாளு நேராப் போகாம, மாட்டுப்பட்டி மாடு மாதிரி அங்கிட்டு இங்கிட்டு மேயுது. வெட்டி முடிச்சுப் பாத்தா, ஓரம் பூரா எலி விருந்து சாப்புட்டுப் போன மாதிரி கெடக்கு. நானா ஒட்டிக் குடுத்த அழகான பட்டியும் வெட்டுன துண்டோட போயிருச்சு.

செல்லசாமி செவத்துல சாஞ்சுக்கிட்டு ரொட்டி தின்னுக்கிட்டே பாத்தான்.

"மச்சான், ஒண்ணு கேக்கவா?"

"கேக்காத."

"உப்பின நுனி அந்தப் பக்கமில்ல இருக்கு? அதையே ஏழு இஞ்சி வெட்டிப் போட்டிருந்தா, உப்பலும் போயிருக்கும், பட்டியும் இருந்திருக்குமே? எதுக்கு நல்ல நுனிய வெட்டுன?"

பொன்னையா இந்த நுனியப் பாத்தாரு. அந்த நுனியப் பாத்தாரு. கையில இருந்த வாளப் பாத்தாரு. செல்லசாமி கழுத்தையும் ஒரு தடவை பாத்தாரு.

"கவ்வாத்துல எவன்டா அடியில வெட்டுவான்? மேலதான் வெட்டுவோம்! கை தன்னால மேல போயிருச்சு!"

"அது செடி மச்சான். இது பலகை. திரும்பத் துளிர்க்காது."

பொன்னையா வாள வீசி எறிஞ்சாரு. அது போயி கோழிக் கூண்டுல விழுந்து, கோழி ரெண்டு நாளைக்கு முட்டையே போடல. பெஞ்சுல ஒக்காந்து தலையில கைய வச்சுக்கிட்டாரு. இன்னும் அஞ்சு பலகை. நாளைக்குத் தர்ஷன் வாறான். நாளன்னைக்கு வேனு வருது. முப்பத்தோரு வருசமா வெட்டுன கை, ஒரு வெள்ளைப் பலகைக்கிட்ட தோத்துப் போச்சு. சிரிச்சுக்கிட்டு இருந்த செல்லசாமிக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. மிச்ச ரொட்டிய மடியில கட்டிக்கிட்டு, கோழிக் கூண்டுல இருந்து வாள எடுத்துக்கிட்டு வந்து பக்கத்துல வச்சான்.

பூரணி பக்கத்துல வந்தா. பழுப்பு டேப்ப இழுத்து, அடுத்த பலகையில, அடிப்பக்கமாப் பாத்து, நேரா ஒட்டினா. ரெண்டு பக்கமும். அப்புறம் உள்ள போயி கவ்வாத்துக் கத்திய எடுத்துக்கிட்டு வந்து புருசன் கையில குடுத்தா.

"நானா கூரான கத்தியாலன்னுதானே சொன்னாரு? இத விடக் கூரா ஏதும் இருக்கா?"

தினமும் கல்லுல தீட்டுற கத்தி. ஈ வந்து ஒக்காந்தா ரெண்டு ஈயா எழும்பிப் போகும். பொன்னையா கத்திய வாங்கினாரு. பலகை மேல குனிஞ்சு, ஒரே இழுப்பு. வெள்ளைத் தோலு மசுரு மாதிரி பொளந்துச்சு. திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் ஒண்ணு. அப்புறம் வாள வாங்கி, மாடு மேய விடாம, மெதுவா, மெதுவா. துண்டு விழுந்துச்சு. ஓரத்துல ஒரு சில்லு பேரல.

"மிஷினு தோத்துச்சு மச்சான்," அப்புடீன்னான் செல்லசாமி. இந்தத் தடவை நக்கல் இல்ல.

அப்புடியே மிச்ச நாலும். அகலப் பலகை ரெண்டும் உசுர வாங்கிருச்சு, ஒவ்வொண்ணுலயும் நாலடி நீளத்துக்கு அறுக்கணும். பொழுது சாயிறப்போ ஆறு பலகையும் ஏழு இஞ்சி கொறைஞ்சு கெடந்துச்சு. பொன்னையாவோட வலது கை மட்டும் நாளைக்கு வாறேன்னு சொல்லிட்டு எங்கயோ போயிருச்சு.

சனிக்கெழம தர்ஷன் வந்தான். அப்பனும் மகனும் ஆணிய முறுக்கி முறுக்கிப் பூட்டினாங்க. எலி தின்ன பலகைய செவரு மூலையில மறைச்சாங்க. தூக்கி நிப்பாட்டினப்போ டொக்குன்னு சத்தமே இல்ல. குறுக்கு மரத்துக்கு அடியில நைஸா போயி நின்னுச்சு. ஆனா லயத்துத் தரைதான் மலைச் சரிவாச்சே, ஒரு பக்கம் வெரக்கடை தூக்கிக்கிட்டு ஆடுச்சு. பழைய தேயிலைக் கட்டைய ஆப்பாச் செதுக்கி அடியில சொருகினாங்க. ஆட்டம் நின்னுச்சு.

அப்பத்தான் அடுத்த கூத்து. நாலு குச்சின்னு சொன்ன அகலமும் எட்டு இஞ்சி கூடத்தானே? ஒன்னரைக் குச்சி வழி மிஞ்சும்னு பாத்தா, ரெண்டடிதான் மிஞ்சியிருக்கு. தர்ஷன் சட்டுன்னு புகுந்து போனான். பூரணி சிரமப்பட்டுப் போனா. பொன்னையா தன் மீசைய மொதல்ல அனுப்பி, அப்புறம் தான் போனாரு.

"இத வெட்டவா?"ன்னான் தர்ஷன்.

"வெட்டுன்னு இன்னொரு தடவ சொன்னே, நான் இந்த வீட்ட விட்டே போயிருவேன்," அப்புடீன்னாரு பொன்னையா. வழிக்குத் தெரை ஒண்ணு தொங்க விட்டதோட விட்டுட்டாங்க.

ஞாயித்துக்கெழம காலையில மேல் ரோட்டுல வேன் ஹோர்ன் அடிச்சுச்சு. பூரணிக்குப் பதறிப் போச்சு. வீடு பூரா கெடந்த துணி, கொழுந்துக் கூடை, படங்கு, செருப்பு, கவ்வாத்துக் கத்தி, குச்சி, எல்லாத்தையும் வாரி அலமாரிக்குள்ள திணிச்சுக் கீழ் கதவச் சாத்தினா. சம்பந்திமாரு வாறப்போ வீடு கண்ணாடி மாதிரி இருக்கணும்ல.

தனுஷிகாவோட அம்மா நல்ல ஆகிருதி. ரெண்டடி வழியப் பாத்தாங்க. தன்னையும் பாத்துக்கிட்டாங்க. பக்கவாட்டுல திரும்பி, வயித்த எக்கி, நண்டு மாதிரி உள்ள போனாங்க. பொன்னையா இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு மூச்சே விடல. உள்ள பலகையத் தட்டிப் பாக்குற சத்தம். ஒரு தடவ. ரெண்டு தடவ. எலி தின்ன மூலைக்குப் பக்கத்துல சத்தம் நின்னுச்சு. பொன்னையாவுக்கு வேன் ரிவர்ஸ் எடுக்குற சத்தமே காதுல கேட்டுருச்சு.

"நல்லா வெள்ளையா இருக்கு," அப்புடீன்னாங்க உள்ள இருந்து. "எங்க வீட்டுலயும் இப்புடி ஒண்ணு இல்லியே. ஆனா சம்பந்தி, மூலையில எலி இருக்கு போல."

"ஆமாங்க, ஒண்ணு இருக்கு," அப்புடீன்னான் வாசல்ல நின்ன செல்லசாமி. "மீசை ஆறடி."

தனுஷிகாவும் உள்ள போனா. பெட்டியத் தொறந்தா. மேல் தட்டுல தன் சேலைய ஒண்ணொண்ணா அடுக்கினா. அடுக்குற சத்தம் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டுச்சு. வேன் மத்தியானம் திரும்பிப் போச்சு. அதுல அம்மா மட்டுந்தான் போனாங்க.

திங்கக்கெழம விடிஞ்சுச்சு. பெரட்டுக்கு இன்னும் அர மணித்தியாலம். பொன்னையா எழும்பி, மூஞ்சி கழுவி, தேத்தண்ணி குடிச்சிட்டு, வழக்கமா மூலையில சாத்தி வைக்கிற எடத்துல கைய நீட்டினாரு. வெறும் செவரு. கத்தி எங்க? குச்சி எங்க?

பூரணி வெள்ளைப் பலகையக் காட்டினா. "அதுக்குள்ள. அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் புதுசாக் கல்யாணம் கட்டினவங்க தூங்குறாங்கடி!"

"என் கூடையும் படங்கும் அதுக்குள்ளதான். நான் மட்டும் எப்புடிக் கொழுந்தெடுக்கப் போறது?"

ரெண்டு பேரும் பலகை முன்னாடி நின்னாங்க, மூடுன கடைக்கு முன்னாடி நிக்கிற மாதிரி. கதவாவது இருந்தாத் தட்டலாம். இது தெரை. தெரைய எப்புடித் தட்றது?

"இருமுங்க," அப்புடீன்னா பூரணி.

"நீயே இருமு. மாமியாதானே."

"நீங்கதானே அலமாரி செஞ்சீங்க?"

பொன்னையா இருமினாரு. மொத இருமலு சும்மா. ரெண்டாவதுக்குக் கூரைத் தகரம் அதிந்துச்சு. மூணாவதுக்குப் பக்கத்துக் காம்பராவுல இருந்து செல்லசாமி, "கோடாலித் தைலம் இருக்கு மச்சான், வேணுமா?"ன்னு கத்துனான்.

உள்ள வளையல் சத்தம். அலமாரிக் கதவு தொறக்குற சத்தம். தெரை ஓரத்துல ஒரு கை நீண்டுச்சு. கூடை வந்துச்சு, படங்கு வந்துச்சு, கத்தி வந்துச்சு, பின்னாலயே குச்சியும் வந்துச்சு.

"இந்தாங்க மாமா."

பொன்னையா குச்சிய வாங்கிப் பாத்தாரு. அதுல நீலப் பேனாவால, மேல இருந்து கீழ வரைக்கும் கொட்டை எழுத்துல எழுதியிருந்துச்சு: 22.

யாரு சொன்னா, எப்ப எழுதினா, ஒண்ணும் தெரியல. மகன வையலாம், அவன் தூங்குறான். செல்லசாமிய வையலாம், அவனுக்கு அது ஒறைக்காது. மருமவள வைய முடியுமா? வந்து ஒரு நாளு கூட ஆகல. அம்புட்டுக் கோவத்தையும் மென்னு முழுங்கிட்டு, எழுத்து தெரியாத மாதிரி குச்சியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, பொன்னையா பெரட்டுக்குப் படியேறினாரு.